நாவின் சாட்சியம்

வேற்றுருக் கொண்டு வருதல் நம் இலக்கியங்களுக்குப் புதிதன்று. கௌதமரின் உருவைக் களவாடி வந்த இந்திரனை அகலிகை கதையில் காண்கிறோம். உருமாறி, வாகுகன் என்னும் பெயரோடு அயலான் அரண்மனையில் பணிபுரிந்த நளனை, அவன் சமைத்த உணவின் சுவையைக் கொண்டே தமயந்தி கண்டறிந்தாள் என்று நளன் கதை கூறும். முன்னதில் உருவம் ஒன்று, ஆள் வேறு. பின்னதில் உருவம் வேறு, ஆள் அவனே. இவ்விரு கதைகளுக்கும் நடுவே ஒரு பெருங்கேள்வி நிற்கிறது. ஒருவரை அவர்தாம் என்று நாம் எதனைக் கொண்டு அறிகிறோம்? முகத்தாலா, குரலாலா, பழைய நினைவுகளாலா, உடலின் தழும்புகளாலா, பேசும் மொழியாலா?

கதைகளில் இக்கேள்வியை முனிவரின் ஞானமும் கற்புடையாளின் கூர்மதியும் தீர்த்துவைத்தன. வரலாற்றிலோ அதனைத் தீர்க்கும் பொறுப்பு மானிட நீதிபதிகளின் தலையில் விழுந்தது. மாண்டவன் என்றோ மறைந்தவன் என்றோ கருதப்பட்ட ஒருவனின் பெயரையும் மனையையும் சொத்தையும் பிறனொருவன் களவாடி வாழ்கிறான் என்ற குற்றச்சாட்டு, வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு நாடுகளில் எழுந்ததுண்டு. அவற்றுள் புகழ்பெற்றவை மூன்று. பிரான்சில் 16ஆம் நூற்றாண்டிலும், இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டிலும், நம் வங்கத்தில் 20ஆம் நூற்றாண்டிலும் நடந்தவை அவை. இம்மூன்றையும் ஒருங்கே வைத்து நோக்குவார்க்கு ஓர் ஒற்றுமை புலப்படும். மூன்றிலும் சாட்சிக் கூண்டில் தாய்மொழியும் ஏறியது. பிறந்த மண்ணை விட்டு வந்து, வேற்றுமொழி வழங்கும் ஊர்களில் பிள்ளைகளை வளர்க்கும் நமக்கு இவ்வழக்குகள் வெறும் விந்தைக் கதைகள் அல்ல.

குடிபெயர்ந்த குடும்பம்

1527ஆம் ஆண்டு. பிரான்சின் தென்மேற்குக் கோடியில், ஸ்பெயின் நாட்டெல்லையை ஒட்டிய அந்தாய் என்னும் கடற்கரை ஊரிலிருந்து ஒரு குடும்பம் புறப்பட்டது. சான்சி தகேர் என்பவர் தம் மனைவி, சிறு குழந்தையான மகன் மார்ட்டின், தம்பி பியர் ஆகியோருடன் ஏறத்தாழ மூன்று வார நடைப்பயணத் தொலைவு கடந்து, பிரனே மலையடிவாரத்து அர்த்திகா என்னும் சிற்றூரில் குடியேறினார். அவர்கள் பாஸ்க் இனத்தார். பாஸ்க் மொழி ஐரோப்பாவின் அண்டை மொழிகள் எதனோடும் உறவில்லாத தனிமொழி. அர்த்திகாவிலோ தென்பிரான்சின் ஒக்சித்தான் மொழியே வழக்கு.

வந்தேறிய குடும்பத்தார் ஓட்டுச் சூளை வைத்துப் பிழைத்தனர், நிலம் வாங்கினர், ஊர்மொழி கற்றனர். தகேர் என்னும் குடும்பப் பெயர் ஊரார் வாய்க்கு ஒத்துவரவில்லை போலும். அது கேர் எனச் சுருங்கிற்று. 1538இல், சிறுவன் மார்ட்டினுக்கு அவ்வூர் வசதிமிக்க குடும்பத்துப் பெண் பெர்த்ராந்தை மணமுடித்தனர். அயலூரான் ஊரானாக ஏற்கப்பட்டதற்கு அத்திருமணமே முத்திரை.

ஆனால் அவ்வாழ்வில் மார்ட்டின் பொருந்தவில்லை. எட்டாண்டுகள் பிள்ளையில்லை, அவனுக்குப் பில்லிசூனியம் வைத்துவிட்டதாக ஊர் பேசிற்று. பின்னர் ஒரு மகன் பிறந்தான். 1548இல், தந்தையின் களஞ்சியத்திலிருந்து சிறிது தானியத்தைத் திருடினான் என்ற பழி மார்ட்டின்மேல் விழுந்தது. வீட்டுக்குள் திருடுவதைப் பொறுக்க மாட்டாத மரபினர் பாஸ்க் மக்கள். தந்தை முகத்தில் விழிக்க நாணிய மார்ட்டின், மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டு ஊரைத் துறந்து போனான். அவன் எல்லை கடந்து ஸ்பெயினுக்குச் சென்றதும், புர்கோஸ் நகரில் ஒரு கர்தினாலின் இல்லத்தில் பணியாளனானதும், 1557இல் சான் கான்தான் போரில் ஸ்பானியப் படையில் நின்று ஒரு காலை இழந்ததும் ஊரார் அறியாதவை. பெற்றோர் இறந்தனர். இறக்குமுன் தந்தை மகனை மன்னித்துச் சொத்தை அவனுக்கே வைத்தார். சிற்றப்பன் பியர் அதனை மேற்பார்த்தார். பெர்த்ராந்தின் கைம்பெண் தாயையும் அவரே மணந்துகொண்டார்.

வந்தவன்

1556ஆம் ஆண்டுக் கோடையில் ஒருவன் வந்தான். ஊருக்குள் நேரே நுழையவில்லை. அருகூர் விடுதியொன்றில் தங்கி, தான் மார்ட்டின் கேர் எனக் கூறி, மனைவியையும் வீட்டாரையும் பற்றிய பேச்சு வந்தபோது கண்ணீர் வடித்தான். செய்தி பரவிற்று. தங்கைமார் ஓடிவந்து கட்டிக்கொண்டனர். பெர்த்ராந் முதலில் தயங்கினாள். பழைய பெட்டியில் வைத்துப்போன வெண்ணிறக் காலுடையைக் கொண்டுவரும்படி அவன் கேட்டபோது அவள் தயக்கமும் நீங்கிற்று என்பர். ஊரார் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்தான். எப்போதோ சேர்ந்து செய்த செயல்களை நினைவூட்டினான். ஊரும் உறவும் அவனை ஏற்றன.

மூன்றாண்டுகளுக்கு மேல் அவன் அவ்வீட்டில் கணவனாக வாழ்ந்தான். இரு பெண் குழந்தைகள் பிறந்தனர், ஒன்று தக்கிற்று. நிலத்தை நன்கு உழுது பெருக்கினான். பின்னர்ச் சிற்றப்பனிடம், தான் இல்லாத காலத்துச் சொத்து வருவாய்க்குக் கணக்குக் கேட்டான். அங்கேதான் விரிசல் கண்டது. கணக்குக் கேட்கப்பட்ட பியர், அதுவரை மனத்தில் எழாத ஐயங்களை எண்ணலானார். வாட்போரில் விருப்பமுடையவன் மார்ட்டின். இவனுக்கு அது ஏன் இல்லை? மகன் முகத்தில் இவன் சாயல் ஏன் இல்லை? எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டு மொழியான பாஸ்க்கில் ஓரிரு சொற்களுக்கு மேல் இவனுக்கு ஏன் வரவில்லை?

1559ஆம் ஆண்டில் அவ்வழியே சென்ற போர்வீரன் ஒருவன், உண்மையான மார்ட்டின் போரில் காலிழந்தவன் என்று சொல்லிப்போனான். வந்தவன் அர்னோ து தீல் என்பவன், சாஜா என்னும் ஊரினன், 'வயிறன்' எனப் பொருள்படும் பட்டப்பெயர் உடையவன், களிப்பிலும் சூதிலும் திரிந்தவன் என்றும் செய்தி கிடைத்தது. 1560 ஜனவரியில் அவன் சிறைப்பட்டான்.

நூற்றைம்பது சாட்சிகள்

ரியூ நகர நீதிமன்றத்தில் ஏறத்தாழ 150 பேர் சாட்சி கூறினர். 45 பேர் அளவினர் அவன் மார்ட்டின் அல்லன் என்றனர். முப்பது நாற்பது பேர் அவனே மார்ட்டின் என்று ஆணையிட்டனர். மார்ட்டினின் தங்கைமார் அவருள் அடங்குவர். எஞ்சியோர், உருவம் மிக ஒத்திருப்பதால் எங்களால் சொல்ல இயலாது என்றனர். மார்ட்டினுக்கு இருந்த வடுக்களும் மருக்களும் இவனிடமும் உண்டு என்றார் சிலர். செருப்புத் தைப்பவர் ஒருவர் வந்து, தாம் மார்ட்டினுக்குத் தைத்த செருப்பின் அளவு 12, இவன் காலளவோ 9 எனக் கூறினார்.

பெர்த்ராந்தின் நிலையோ மிக இரங்கத்தக்கது. சிற்றப்பனும் தாயும் வற்புறுத்த, அவள் பெயராலேயே வழக்குத் தொடுக்கப்பட்டது. நேருக்கு நேர் நிறுத்தியபோது கைதி அவளை நோக்கி, நான் உன் கணவன் அல்லன் என்று நீ ஆணையிட்டால் சாவை ஏற்கிறேன் என்றான். அவள் ஆணையிடவுமில்லை, மறுக்கவுமில்லை, வாய்திறவாது நின்றாள்.

ரியூ நீதிமன்றம் மரணதண்டனை விதித்தது. கைதி துலூஸ் நகர உயர்மன்றத்துக்கு மேல்முறையிட்டான். அங்கு வழக்கை ஆய்ந்து அறிக்கை தரும் பொறுப்பு ழான் தெ கொராஸ் என்னும் சட்டப் பேரறிஞரிடம் வந்தது. அவர் சான்றுகளை இருபுறத்துத் தட்டுகளிலும் இட்டு நிறுத்துப் பார்த்தார். பாஸ்க் இனத்தில் பிறந்தவனுக்குப் பாஸ்க் மொழி தெரியாதிருத்தல் ஆகுமோ என்பது எதிர்த்தட்டில் இருந்தது. ஆனால் அதற்கும் மறுமொழி உண்டு: மார்ட்டின் பேச்சுத் திருந்தாப் பருவத்திலேயே தாய்நிலம் விட்டு வந்தவன், வேற்றுமொழி ஊரில் வளர்ந்தவன், மொழியை இழந்திருத்தல் இயல்பே அன்றோ? தழும்புகள் ஒத்தன. தங்கைமார் ஏற்றனர். கைதியின் நினைவாற்றலோ வியப்புக்குரியது. எதைக் கேட்டாலும் தடுமாறவில்லை. குற்றமற்ற ஒருவனைத் தண்டித்தலினும் குற்றவாளி ஒருவனைத் தப்பவிடுதல் மேல் என்னும் உரோமச் சட்ட நெறியும் நீதிபதியின் நெஞ்சில் இருந்தது. கைதியை விடுவிக்கும் தீர்ப்பை நோக்கியே மன்றம் சாய்ந்துகொண்டிருந்தது என்று கொராஸே பின்னர் எழுதினார்.

1560 ஜூலை இறுதியில், மரக்கால் ஊன்றிய ஒருவன் துலூஸ் மன்றத்தின் முன் வந்து, தானே மார்ட்டின் கேர் என்றான்.

இருவரையும் எதிரெதிரே நிறுத்திக் கேள்விகள் கேட்டனர். சிற்றப்பன் பொருள் கொடுத்துப் பழக்கி அழைத்துவந்த போலி இவன் எனக் கைதி கூவினான். விந்தை யாதெனில், பழைய நிகழ்ச்சிகளைப் பற்றிய வினாக்களுக்கு உண்மையானவனைவிடப் போலியே செவ்வையாக விடையிறுத்தான்! ஆனால் மூத்த தங்கை உள்ளே வந்து, இருவரையும் கண்டதும் மரக்காலனைத் தழுவி அழுதாள். பெர்த்ராந் அவனைக் கண்ட மாத்திரத்தில் உடல் நடுங்கிக் காலில் விழுந்து மன்னிப்பு வேண்டினாள். அவனோ இரங்கவில்லை. பிறர் ஏமாந்தால் ஏமாறலாம், மனைவி ஏமாறலாமோ என்று கடிந்தான்.

செப்டம்பர் 12இல் தீர்ப்பு வந்தது. செப்டம்பர் 16இல் அர்த்திகாவில், எந்த வீட்டைக் களவாடி வாழ்ந்தானோ அந்த வீட்டின் முன்னரே அர்னோ து தீல் தூக்கிலிடப்பட்டான். இறக்குமுன் உண்மையை ஒப்புக்கொண்டான். மார்ட்டினின் நண்பர் இருவர் தன்னை மார்ட்டின் என்று தவறாகக் கருதி அழைத்ததிலிருந்தே இவ்வெண்ணம் பிறந்தது என்றும், செய்திகளைப் பலரிடம் விசாரித்துத் திரட்டினான் என்றும் கூறினான். அவனுக்குப் பிறந்த பெண்குழந்தை முறையான மகவே என்று மன்றம் அறிவித்து, அவன் பொருளை அக்குழந்தைக்கே வழங்கிற்று. தாய் நன்னம்பிக்கையில் வாழ்ந்தாள் என்பதே காரணம். கொராஸ் 1561இல் இவ்வழக்கை நூலாக வெளியிட்டார். அறிஞர் மொந்தேஞ் தம் கட்டுரையொன்றில் இத்தீர்ப்பைக் குறிப்பிட்டு, இத்துணைச் சிக்கலான வழக்கில் துணிந்து தூக்கிலிட்டமையை வினவினார். 1983இல் வரலாற்றறிஞர் நாதலி சீமன் தேவிஸ் எழுதிய நூலால் இது மீண்டும் உலகறிந்ததாயிற்று.

இவ்வழக்கில் முகம் ஏமாற்றிற்று, தழும்பு ஏமாற்றிற்று, தங்கைமாரின் அன்பும் ஏமாற்றிற்று, நினைவு எல்லாவற்றினும் மிகுதியாக ஏமாற்றிற்று. தொடக்கம் முதலே உண்மையை உரைத்த சாட்சிகளுள் ஒன்று, பாஸ்க் மொழி பேச வராத அந்த நா. ஏன்? செய்திகளைக் கேட்டறியலாம், பெயர்களை மனப்பாடம் செய்யலாம், வெண்ணிறக் காலுடை இருந்த பெட்டியைக் கூட விசாரித்து வைக்கலாம். ஆனால் குழந்தைப் பருவத்தில் வீட்டார் வாயிலிருந்து செவிவழிப் புகுந்து படிந்த மொழியைச் சில திங்களில் விசாரித்துத் திரட்ட இயலாது. அது செய்தி அன்று, வளர்ப்பு.

பிரெஞ்சு அறியாத மகன்

முந்நூறு ஆண்டுகள் கழித்து இங்கிலாந்தில் எழுந்த திச்போர்ன் வழக்கில் இவ்வுண்மை இன்னும் வெளிப்படையாயிற்று.

ரோஜர் திச்போர்ன் ஆங்கிலேயப் பிரபுக் குடும்பத்தினர்; ஆயினும் 1829இல் பாரிஸில் பிறந்து, பதினாறு வயதுவரை பிரான்சிலேயே வளர்ந்தவர். தாய் ஹென்றியெட்டா பிரெஞ்சுப் பழக்கவழக்கங்களில் ஊறியவர். ஆதலின் ரோஜரின் முதன்மொழி பிரெஞ்சு. ஆங்கிலத்தைப் பிரெஞ்சு ஒலிப்போடு பேசியதால் உடன்பயின்றோரும் படைத்தோழரும் அவரை நகையாடினர். 1854 ஏப்ரலில், தென் அமெரிக்காவின் ரியோ நகரிலிருந்து அவர் ஏறிய 'பெல்லா' என்னும் கப்பல் கடலில் மறைந்தது. எவரும் பிழைத்ததாகச் செய்தி இல்லை. தாய் மட்டும் மகன் மாண்டான் என்பதை ஏற்கவில்லை. செய்தித்தாள்களில் விளம்பரம் செய்தார். ஆஸ்திரேலியச் செய்தித்தாள்கள் வரை அது சென்றது.

1866இல் ஆஸ்திரேலியாவின் வாகா வாகா என்னும் சிற்றூரில் தாமஸ் காஸ்திரோ என்ற பெயரில் இறைச்சிக் கடை நடத்திய ஒருவர், தாமே ரோஜர் என அறிவித்தார். ரோஜர் மெலிந்த உடலினர், இவரோ பருத்தவர். அவருடைய கடிதங்கள் கல்வி இல்லாதவன் எழுத்தாக இருந்தன. ஆயினும் 1867 ஜனவரியில் பாரிஸ் விடுதி அறையில் அவரைக் கண்ட தாய், இவனே என் மகன் என்றார்! பிள்ளைக்குப் பிரெஞ்சு மொழியில் தாலாட்டு வளர்ப்புக் கொடுத்த அந்தத் தாயின் முன், பிரெஞ்சு பேச அறியாத ஒருவர் மகனாக நின்றார். மொழி மறந்துவிட்டது என்றார். தாயின் ஏக்கம் அதனையும் நம்பிற்று. 1868இல் அத்தாய் இறக்கும்வரை அந்நம்பிக்கை அசையவில்லை.

குடும்பத்தின் ஏனையோர் ஏற்கவில்லை. 1871 மே திங்களில் தொடங்கிய உரிமை வழக்கில் அவரைக் குறுக்குவிசாரணை செய்தபோது பிரெஞ்சு அறியாமை வெட்டவெளிச்சமாயிற்று. ரோஜரின் பள்ளித் தோழர் ஒருவர், ரோஜரின் கையில் தாம் பச்சை குத்தியதாகச் சாட்சி கூறினார். வாதியின் கையில் அத்தகைய பச்சை இல்லை. 1872 மார்ச்சில் வழக்கு வீழ்ந்தது. அடுத்துப் பொய்ச்சாட்சிக் குற்ற வழக்கு, 188 நாள் நடந்து, 1874 பிப்ரவரி 28இல் முடிந்தது. அவர் லண்டன் வாப்பிங் பகுதி இறைச்சிக் கடைக்காரரின் மகன் ஆர்தர் ஆர்ட்டன் என்று ஆன்றோர் குழு முடிவு கூறிற்று. பதினான்கு ஆண்டுச் சிறை. பத்தாண்டில் விடுதலையான அவர் 1895இல் தாம் ஆர்ட்டனே என ஒப்புக்கொண்டார். பின் அதனையும் மறுத்தார். 1898 ஏப்ரல் 1இல் வறுமையில் மாண்டார். அவர் சவப்பெட்டியின் தகட்டில் திச்போர்ன் பெயரே பொறிக்கப்பட்டது. முப்பதாண்டுகள் சுமந்த திருட்டுப் பெயர் மண்ணுக்குள்ளும் உடன் சென்றது.

வங்கத்துச் சன்னியாசி

இவ்விரு வழக்குகளோடு நிறுத்தினால், தாய்மொழி அறியாதவன் போலியே என்ற முடிவுக்கு வந்துவிடுவோம். மூன்றாம் வழக்கு அந்த அவசரத்தைத் தடுக்கிறது.

டாக்கா மாவட்டத்துப் பவால் ஜமீன் கிழக்கு வங்கத்தின் பெருஞ்ஜமீன்களுள் ஒன்று. அதன் இரண்டாம் குமாரர் ராமேந்திர நாராயண் ராய் 1909 மே திங்களில், இருபத்து நான்கு வயதில், உடல்நலம் நாடி டார்ஜிலிங் சென்றிருந்தபோது இறந்ததாகவும் எரியூட்டப்பட்டதாகவும் அறிவிக்கப்பட்டது. உடனிருந்தோருள் மனைவி பிபாவதி தேவியும் அவர் தமையனும் குடும்ப மருத்துவரும் அடங்குவர். அன்றிரவு பெருமழை பெய்ததால் சுடலைக்குச் சென்றோர் உடலை விட்டு ஒதுங்கினர் என்றும், பின்னர் உடலைக் காணவில்லை என்றும் பேச்சுகள் உலவின.

பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1921ஆம் ஆண்டை ஒட்டி, டாக்காவின் பக்லாந்து அணைக்கரையில் மேனியெங்கும் நீறு பூசிய ஒரு சன்னியாசி அமர்ந்திருந்தார். பார்த்தவர்கள் இரண்டாம் குமாரரின் சாயலைக் கண்டனர். சகோதரி ஜோதிர்மயி தேவி அவரை வீட்டுக்கு அழைத்து உற்று நோக்கினார். 1921 மே 4இல் மக்கள் திரளின் முன், தாமே ராமேந்திர நாராயண் எனச் சன்னியாசி அறிவித்தார். தம்மை வளர்த்த செவிலியின் பெயரைக் கேட்டபோது சரியாகச் சொன்னார். ஜூன் 3இல், அவர் போலி என்று டாக்கா ஆட்சியர் லின்ட்சே அறிக்கை வெளியிட்டார். பிபாவதி தேவி அவரைக் கணவராக ஒருபோதும் ஏற்கவில்லை.

1930இல் தொடுத்த வழக்கு 1933 நவம்பரில் நீதிபதி பன்னாலால் பாசு முன் விசாரணைக்கு வந்தது. வாதியின் பக்கம் 1,069 சாட்சிகள், எதிர்ப்பக்கம் 479. எதிர்த்தரப்பார் முன்வைத்த வலிய வாதங்களுள் ஒன்று மொழி. டாக்காவுக்கு வந்த புதிதில் சன்னியாசி பேசியது இந்தி. பின்னர் வங்கம் பேசியபோதும் அதில் இந்தியின் ஒலிப்புக் கலந்திருந்தது. இவர் வங்காளியே அல்லர், பஞ்சாபின் ஔஜ்லா ஊரினரான மால் சிங் என்பவர் என்று அவர்கள் வாதிட்டனர். சுடலையிலிருந்து சாதுக்கள் தம்மைக் காத்தனர், நினைவிழந்த நிலையில் ஆண்டுகள் பல அவர்களோடு திரிந்தேன், அவர்கள் பேசிய மொழியே என் மொழியாயிற்று என்பது வாதியின் விடை.

நீதிபதி பாசு, மொழியை வைத்து மட்டும் மனிதனைத் தள்ளிவிடவில்லை. குமாரரின் உடல் அடையாளங்களைப் பற்றிய பழைய பதிவுகளை, குறிப்பாக ஆயுள் காப்புறுதிக்காக எடுத்த மருத்துவக் குறிப்பை, வாதியின் உடலோடு ஒப்பிட்டார். இடக் கணுக்காலின் புறத்தே ஒழுங்கற்ற தழும்பு, செதில் படர்ந்த பாதம், காதுவிளிம்பின் வடிவம், உடைந்த கடைவாய்ப்பல், வலக்கையில் புலி நகக் கீறல் என ஒன்றன்பின் ஒன்றாகப் பொருந்தின. காலணி அளவும் இருவர்க்கும் 6. அர்த்திகாவின் செருப்புத் தைப்பவர் சாட்சியை இங்கு நினைவுகூர்தல் தகும்; அங்குப் பொய்யை வெளிப்படுத்திய அதே அளவுகோல் இங்கு மெய்க்குத் துணைநின்றது.

1936 ஆகஸ்டு 24இல் வாதியே இரண்டாம் குமாரர் எனத் தீர்ப்பாயிற்று. மேல்முறையீட்டில் கல்கத்தா உயர்நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளுள் இருவர் 1940இல் அதனை உறுதி செய்தனர், ஒருவர் மாறுபட்டார். லண்டன் பிரிவி கவுன்சில் 1946 ஜூலை 30இல் இறுதியாக உறுதி செய்தது. வெற்றிச் செய்தி கேட்டுக் கல்கத்தாவில் காளிகோயிலுக்கு வழிபடச் சென்ற குமாரர் பக்கவாதத்தால் வீழ்ந்து, சில நாளில் மறைந்தார். சட்டம் முடிவு சொல்லிவிட்டது. எனினும் வரலாற்றாசிரியர் பார்த்தா சட்டர்ஜி 2002இல் இவ்வழக்கை விரிவாக ஆய்ந்து எழுதிய நூலின் தலைப்பிலேயே ஒரு வினாக்குறியை இட்டுவைத்தார்.

மூன்று வழக்குகளும் உணர்த்துவது

மூன்றையும் தொகுத்து நோக்குவோம். நினைவு சாட்சி சொல்லும். ஆனால் அது கற்பிக்கத் தக்கது. உறவினர் சாட்சி சொல்வர். ஆனால் ஏக்கமும் சொத்தும் அவர்கள் கண்களைத் திரிக்கும். தாயே பிழைத்தார், மனைவியர் இருவர் இரு திசையில் நின்றனர். மொழியின் சாட்சியம் தனித்தன்மை உடையது. வளர்ந்த வீட்டின் மொழியை நடிக்க இயலாமையால் அர்னோவும் ஆர்ட்டனும் ஐயத்துக்கு ஆளாயினர். ஆனால் மொழி போனதாலேயே மனிதன் போலியாகான் என்பதைப் பவால் வழக்கும், கொராஸின் தயக்கமும் காட்டுகின்றன. இருக்கும் மொழி, வளர்ப்புக்குச் சான்று. இல்லாத மொழி, வஞ்சகத்துக்கும் அடையாளம் ஆகலாம். வாழ்க்கை இழுத்துச் சென்ற தொலைவுக்கும் அடையாளம் ஆகலாம். இவ்வேறுபாட்டை உணர்ந்தவரே நல்ல நீதிபதி.

இன்று ஆளறியும் வழிகள் பெருகிவிட்டன. கைரேகைக்கென உலகின் முதல் அலுவலகம் 1897இல் கல்கத்தாவிலேயே தோன்றிற்று. 1984இல் மரபணுவைக் கொண்டு ஒருவரைத் தனித்தறியும் முறையை அலெக் ஜெப்ரீஸ் கண்டார். இன்றைய நீதிபதி கொராஸ் போல வருந்த வேண்டியதில்லை; தங்கையின் குருதித் துளியே விடை கூறிவிடும். ஆனால் அவ்விடை, உடல் எவருடையது என்பதோடு நின்றுவிடும்.

நாமும் ஒருவகையில் சான்சி தகேரின் வழிவந்தோரே. அயல்மாநிலம் வந்து, வேலை தேடி, வீடு கட்டி, ஊர்மொழி கற்றோம். தந்தை பெயரின் முதலெழுத்தோடு வாழ்ந்த நம்மிடம் குடும்பப்பெயர் யாது எனப் படிவங்கள் கேட்டன. நாமும் அப்பாவின் பெயரையோ ஊர்ப்பெயரையோ கடைசியில் எழுதித் தந்தோம். பள்ளிப் பதிவேட்டில் நம் பிள்ளைகளின் பெயர்கள் உள்ளூர் ஒலிப்புக்கேற்பத் திரிந்தன. தகேர் கேர் ஆனது போலத்தான். இவற்றில் எதுவும் குற்றமன்று; பிழைப்பின் இயல்பு.

விடுமுறைக்குச் சொந்த ஊர் செல்லும் நம் பிள்ளை, பாட்டியின் கேள்விக்கு இந்தியிலோ வங்கத்திலோ விடையிறுத்தால், "இது நம்ம வீட்டுப் பிள்ளையா?" என்று ஊரார் விளையாட்டாகக் கேட்பதுண்டு. விளையாட்டாகக் கேட்பினும், அப்பிள்ளை அன்று அறியாமலே ஒரு சாட்சிக் கூண்டில் நிற்கிறது. அதனைப் போலி எனத் தள்ளுவது அறமன்று. அம்மொழியைத் திருடியோ தொலைத்தோ போனது அக்குழந்தை அன்று. மொழியைக் கொடுக்கவேண்டியவர் நாம். மார்ட்டினின் தந்தை மகனுக்கு நிலமும் சூளையும் விட்டுச் சென்றார். அவற்றை அர்னோ மூன்றாண்டுகள் தனதாக்கி ஆண்டான். அவன் கைவைக்க முடியாமல் போன சொத்து, அவ்வீட்டில் பேசிய பாஸ்க் மொழி ஒன்றே. திருட முடியாத அத்தகைய சொத்து நம் வீட்டிலும் உண்டு. மாலையில் பணிமுடிந்து வந்து, பிள்ளையை அருகழைத்து, தமிழில் நாலு சொல் பேசினால் அது அவர்களிடம் சேர்ந்துவிடும்.